இந்த ஆளை எங்கேயோ பார்த்திருக்கிறோமே!

அகதா கிறிஸ்டியின் 'த பேல் ஹார்ஸ்' நாவலை முதல் முறை வாசித்தபோது அதில் வரும் பாதிரியாரின் மனைவியை நான் பெரிதாகக் கவனிக்கவில்லை. மிஸஸ் டேன் கால்த்ராப் என்று பெயர். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடும் கிராமத்துப் பெண்மணி. கொலைக்கதையில் இப்படி நாலு பேர் வந்து போவது சகஜம்தானே என்று கடந்துவிட்டேன். அப்புறம் ஒரு வருஷம் கழித்து அதே ஆசிரியரின் 'த மூவிங் ஃபிங்கர்' கைக்கு வந்தது. அதிலும் ஒரு பாதிரியார் மனைவி. அதே பெயர், அதே பேச்சு. கையிலிருந்ததைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுந்து போய்ப் பழைய புத்தகத்தைப் புரட்டினேன். ஆமாம், அவரேதான்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். இருக்கிறது. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் அதற்கு வர வேண்டும்.

துப்பறியும் நாவல்களில் ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருவது நமக்குப் பழக்கமானதுதான். ஷெர்லக் ஹோம்ஸ் 4 நாவல்களிலும் 56 சிறுகதைகளிலும் வருகிறார். ஜார்ஜ் சிமெனோனின் இன்ஸ்பெக்டர் மெக்ரே 75 நாவல்களில் வருகிறார். நம் சுஜாதாவின் கணேஷ், வசந்தைச் சொல்லவே வேண்டாம். இவர்களெல்லாம் தொடர் நாயகர்கள். இன்னொரு புத்தகத்தில் வருகிறார்கள் என்பதை அட்டையிலேயே போட்டு விற்பார்கள். அதைக் கண்டுபிடிக்க வாசகன் எந்தச் சிரமமும் பட வேண்டியதில்லை.

நான் சொல்ல வருவது வேறு. நாயகன் அல்லாத ஒருவர், தன் கதையிலிருந்து இறங்கி, வேறொரு கதைக்குள் சத்தமில்லாமல் நடந்து போவது. ஒரு டாக்டர், ஒரு வக்கீல், ஒரு செய்தித்தாளின் பெயர், யாரோ யாரிடமோ சொல்லும் பழைய வழக்கு ஒன்று. தெரியாதவருக்கு அது கதையில் ஒரு வரி, அவ்வளவுதான். தெரிந்தவருக்கு இரண்டு புத்தகங்களுக்கு நடுவே இருந்த சுவரில் ஒரு கதவு திறக்கிறது.

மிஸஸ் டேன் கால்த்ராப்புக்குத் திரும்புவோம். கிறிஸ்டியின் இரண்டு பெரிய துப்பறிவாளர்கள் ஹெர்க்யூல் புவாரோவும் மிஸ் மார்ப்பிளும். கிறிஸ்டி எழுதிய எந்தக் கதையிலும் இவர்கள் சந்தித்துக்கொண்டதே இல்லை. இருவரும் ஒரே உலகத்தில்தான் வாழ்கிறார்களா என்ற கேள்விக்குக்கூட நேரடியான பதில் எங்கும் கிடையாது. ஆனால் 1961ல் வந்த 'த பேல் ஹார்ஸ்' அந்தப் பதிலைச் சுவடு தெரியாமல் வைத்திருக்கிறது. அதில் புவாரோ இல்லை, மார்ப்பிளும் இல்லை. ஆனால் புவாரோவின் நெடுநாள் சிநேகிதியான எழுத்தாளர் அரியாட்னி ஆலிவர் இருக்கிறார். கூடவே மிஸஸ் டேன் கால்த்ராப்பும் இருக்கிறார். 'த மூவிங் ஃபிங்கர்' கதையில், நிலைமை கைமீறிப் போகிறது என்று தெரிந்ததும் தன் பழைய தோழி ஒருத்தியை ஊருக்கு வரவழைப்பவர் இவர்தான். அந்தத் தோழிதான் மிஸ் மார்ப்பிள். ஆக, புவாரோவுக்குத் தெரிந்தவரும் மார்ப்பிளுக்குத் தெரிந்தவரும் ஒரே கதையில் உலவுகிறார்கள். கிறிஸ்டி இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இரண்டு புத்தகங்களையும் படித்தவர் தானே கோர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த அரியாட்னி ஆலிவர் தனியாகவே ரசிக்கத்தக்கவர். ஓயாமல் ஆப்பிள் கடித்துக்கொண்டிருக்கும் துப்பறியும் கதை எழுத்தாளர். அவருடைய நாயகன் ஸ்வென் யெர்சன் என்ற பின்லாந்துக்காரன். பின்லாந்தைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது, எதற்கு அந்த ஆளைப் படைத்துத் தொலைத்தேன் என்று கதைக்குக் கதை அலுத்துக்கொள்வார். பெல்ஜியக்காரரான புவாரோவை எழுதி எழுதி அலுத்துப்போன கிறிஸ்டியின் குரல்தான் இது. திரும்ப வரும் பாத்திரத்தால் ஆசிரியருக்குக் கிடைக்கும் பலன்களில் இதுவும் ஒன்று: தன் வாயால் சொல்ல முடியாததை அவர் வாயால் சொல்லிவிடலாம்.

மிஸஸ் ஆலிவர் முதலில் தலைகாட்டியது பார்க்கர் பைன் என்ற வேறொரு பாத்திரத்தின் கதைகளில். 1936ல் வந்த 'கார்ட்ஸ் ஆன் த டேபிள்' நாவலில்தான் புவாரோவைச் சந்திக்கிறார். கிறிஸ்டியின் புத்தகங்களுக்கிடையே போகும் பாதைகள் அதிகம் சந்திக்கும் முச்சந்தி என்று அந்த நாவலைச் சொல்வேன். ஷைட்டானா என்ற பணக்காரர் ஒரு விருந்து வைக்கிறார். கொலை செய்துவிட்டுத் தப்பித்துவிட்டவர்கள் என்று அவர் நம்பும் 4 பேரை அழைக்கிறார். எதிர்ப்பக்கத்துக்குத் துப்பறிவாளர்களாக 4 பேர்: புவாரோ, மிஸஸ் ஆலிவர், சூப்பிரண்டெண்ட் பேட்டில், கர்னல் ரேஸ். பேட்டில் 1925லிருந்தும் ரேஸ் 1924லிருந்தும் தனித்தனி நாவல்களில் வந்துகொண்டிருந்தவர்கள். நாலு கதைகளின் ஆட்களை ஒரே அறையில் உட்கார வைத்துவிட்டு, சீட்டாட்டம் முடிவதற்குள் விருந்து வைத்தவரையே குத்திக் கொன்றுவிடுகிறார் ஆசிரியர்.

சந்தேகத்துக்குரிய அந்த 4 பேரில் ஒருவர், 25 வருஷம் கழித்து 'த பேல் ஹார்ஸ்' நாவலில் மறுபடி வருகிறார். யார் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் முந்தைய கதையில் கொலைகாரர் யார் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். தூக்கில் தொங்கியவர் கால் நூற்றாண்டு கழித்துத் தோட்டத்தில் உலாவ முடியாதல்லவா? ஒளிந்திருக்கும் தொடர்புகளில் இப்படி ஒரு வில்லங்கம் எப்போதும் உண்டு. இன்னொரு வேடிக்கை, அந்த ஆளின் முதல் பெயர் இரண்டு புத்தகங்களிலும் வேறு வேறு. குடும்பப் பெயர் ஒன்றுதான், மனைவியும் ஒருவரேதான், ஆனால் முதல் பெயர் மாறிவிட்டது. கிறிஸ்டி மறந்துவிட்டார் என்றுதான் தோன்றுகிறது.

இந்த உத்தியைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் துப்பறியும் எழுத்தாளர் அல்ல, பிரான்ஸின் பால்சாக். ஒரு நாவலின் ஆட்கள் அடுத்த நாவலில் வயதாகி, பணக்காரராகி, நொடித்துப்போய் வருவார்கள். 'மனித நாடகம்' என்ற ஒரே தலைப்பின் கீழ் ஏறக்குறைய 90 படைப்புகளை இப்படிக் கோர்த்தார். அவற்றில் வோத்ரன் என்ற தப்பியோடிய கைதி வருகிறான். துப்பறியும் கதை என்ற வகை பிறப்பதற்கு முன்பே பிறந்துவிட்ட குற்றவாளி. 1835ல் வந்த 'கோரியோ கிழவர்' நாவலில், ரஸ்டின்யாக் என்ற ஏழை மாணவனைத் தன் வழிக்கு இழுக்கப் பார்க்கிறான். கடைசியில் போலீசில் மாட்டுகிறான்.

எட்டு வருஷம் கழித்து வந்த 'கலைந்த கனவுகள்' கடைசிப் பாகத்தில் ஒரு காட்சி. சாகப் போன லூசியன் என்ற இளைஞனை ஒரு ஸ்பானியப் பாதிரியார் வழியில் பார்த்து, தன் வண்டியில் ஏற்றிக்கொள்கிறார். போகிற வழியில் லூசியன் ஒரு பழைய வீட்டைக் காட்டி, ரஸ்டின்யாக் புறப்பட்ட வீடு இதுதான் என்கிறான். பாதிரியார் உடனே வண்டியை நிறுத்தச் சொல்கிறார். இறங்கிப் போய் அந்த வீட்டு வழியில் நடக்கிறார், ஒவ்வொன்றையும் நின்று பார்க்கிறார். உங்களுக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியுமா என்று லூசியன் கேட்கிறான். பாரிஸில் எனக்கு எல்லோரையும் தெரியும் என்று சொல்லி மழுப்பிவிட்டு வண்டியில் ஏறிக்கொள்கிறார்.

முதல் நாவலைப் படிக்காதவருக்கு இவர் கொஞ்சம் விசித்திரமான பாதிரியார், அவ்வளவுதான். படித்தவருக்கு மயிர்க்கூச்செறியும். எந்த ஸ்பானியப் பாதிரியார் ரஸ்டின்யாக்கின் வீட்டைப் பார்த்து உருகுவார்? அங்கியைப் போட்டுக்கொண்டு வந்திருப்பது வோத்ரன். (180 வருஷப் பழைய ரகசியம் என்பதால் போட்டு உடைக்கிறேன்.) பெயர் இல்லை, அடையாளம் இல்லை, வண்டியை நிறுத்தியது மட்டும்தான் துப்பு. நான் பார்த்த வரையில் ஒளிந்திருக்கும் தொடர்பு என்றால் இதைவிட நேர்த்தியாக யாரும் செய்ததில்லை.

இதையெல்லாம் ஆசிரியர்கள் முன்கூட்டியே திட்டம் போட்டுத்தான் செய்கிறார்களா? பெரும்பாலும் இல்லை என்பது என் ஊகம். வீடு கட்டும்போது பின்னால் மாடி எடுக்கலாம் என்று கம்பியை நீட்டி விட்டு வைப்பார்களே, அதுபோலத்தான். எடுப்போமா என்பது அப்போது தெரியாது.

அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் கானலியைப் பாருங்கள். அவருடைய லாஸ் ஏஞ்சல்ஸ் துப்பறிவாளர் ஹாரி பாஷ், 1992ல் வந்தார். தகப்பன் யாரென்று தெரியாமல் வளர்ந்தவர். 1993ல் வந்த இரண்டாவது நாவலான 'த பிளாக் ஐஸ்' புத்தகத்தில், தன் தகப்பன் ஊரறிந்த ஒரு கிரிமினல் வக்கீல் என்று பாஷ் கண்டுபிடித்த பழைய கதை வருகிறது. தகப்பனின் இறுதிச் சடங்கைத் தள்ளி நின்று பார்க்கிறார். ஊரறிய மணந்தவளின் பிள்ளைகள் அங்கே நிற்கிறார்கள், அவர்களில் ஒரு பையனும் உண்டு. கம்பி நீட்டப்பட்டது இங்கேதான். 2005ல் கானலி, காரின் பின் சீட்டையே ஆபீஸாக வைத்துக்கொண்டு வழக்கு நடத்தும் மிக்கி ஹாலர் என்ற வக்கீலை வைத்து ஒரு நாவல் எழுதினார். அந்தப் பெயரைப் பார்த்ததும் பழைய வாசகர்களுக்குப் பொறி தட்டியிருக்கும், ஏனென்றால் பாஷின் தகப்பன் பெயரும் ஹாலர்தான். 2008ல் 'த பிராஸ் வெர்டிக்ட்' நாவலில் இருவரும் நேருக்கு நேர் வந்தார்கள். ஒரு சிறு நினைவுக்குறிப்பு மாடியாக எழும்ப 15 வருஷம் ஆகியிருக்கிறது.

அயர்லாந்தின் டானா ஃப்ரெஞ்ச் வேறு வழியில் போகிறார். டப்ளின் கொலை விசாரணைப் பிரிவை வைத்து 2007க்கும் 2016க்கும் நடுவே 6 நாவல்கள் எழுதினார். ஒவ்வொன்றையும் ஒரு புதிய ஆள் 'நான்' என்று சொல்கிறார், ஆனால் அந்த ஆளை முந்தைய புத்தகங்களில் ஏதாவது ஓர் ஓரத்தில் பார்த்திருப்போம். முதல் நாவலில் ராப் என்பவர் கதை சொல்கிறார், கூட வேலை பார்க்கும் காஸி அவர் கண்ணால் பார்க்கப்படுகிறார். இரண்டாவதில் காஸி சொல்கிறார், அவருடைய பழைய மேலதிகாரி ஃபிராங்க் மேக்கி வருகிறார். மூன்றாவதில் மேக்கி சொல்கிறார். அதில் கென்னடி என்ற அதிகாரி ஒருவர் மேக்கியின் பார்வையில் ஜம்பம் பிடித்த ஆளாகத் தெரிவார், நமக்கும் எரிச்சல் வரும். நாலாவதைத் திறந்தால் கதை சொல்பவர் அந்தக் கென்னடியேதான். அவர் உள்ளுக்குள் என்னென்ன சுமந்துகொண்டிருந்தார் என்று தெரியவரும்போது, போன புத்தகத்தில் நாம் சிரித்ததற்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

ஸ்காட்லாந்தின் இயன் ராங்கினிடமும் இது உண்டு. அவருடைய போலீஸ் துப்பறிவாளர் ஜான் ரீபஸ் 1987ல் அறிமுகமாகி, வாசகர்களோடு சேர்ந்தே வயதாகி, 2007ல் வந்த 'எக்ஸிட் மியூசிக்' நாவலில் ஓய்வு பெறும் நாளுக்கு வந்து நிற்கிறார். போலீஸ்காரர்கள் மீதே விசாரணை நடத்தும் பிரிவைச் சேர்ந்த மால்கம் ஃபாக்ஸ் என்பவரை நாயகனாக வைத்து 2009ல் ராங்கின் புதிதாகத் தொடங்கினார். நிதானமான, நியாயமான மனிதர். 2012ல் ரீபஸ் திரும்பி வந்தபோது ஃபாக்ஸும் அந்தக் கதைக்குள் வந்தார். ரீபஸின் பக்கத்திலிருந்து பார்த்தால் அவர் விதிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு துரத்தும் தொல்லை! ஃபாக்ஸின் சொந்த நாவல்களை முன்பே படித்தவர்கள் யார் பக்கம் சேர்வதென்று தெரியாமல் திண்டாடுவார்கள்.

ஒரே உலகத்தில் இவ்வளவு பேரை நடமாட விட்டால் ஆசிரியரைக் கழுத்தைப் பிடிக்கும் சங்கதி ஒன்று இருக்கிறது: வயசு. புவாரோ முதல் நாவலில் வரும்போதே பெல்ஜியப் போலீசிலிருந்து ஓய்வு பெற்றவர். அது வெளிவந்தது 1920ல். 1972லும் துப்புத் துலக்கிக்கொண்டிருந்தார். கணக்குப் போட்டால் நூறைத் தாண்டியிருக்க வேண்டும் என்று கிறிஸ்டியே ஒப்புக்கொண்டு, ஆரம்பத்திலேயே இவ்வளவு வயதானவராகப் படைத்தது தவறு என்று வருத்தப்பட்டார். கடைசியில் 1975ல் புவாரோவின் இறுதிக் கதை வந்தபோது நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்திலேயே இரங்கல் செய்தி போட்டது. அதே கிறிஸ்டியின் டாமி, டப்பன்ஸ் தம்பதி மட்டும் 1922ல் துடிப்பான இளவட்டங்களாக வந்து, 1973ல் பேரன் பேத்தி எடுத்தவர்களாக முடிகிறார்கள். ஒரே ஆசிரியரின் வீட்டில் இரண்டு கடிகாரங்கள் ஓடியிருக்கின்றன.

தவறுகளும் நடக்கும். ஹோம்ஸின் தோழர் டாக்டர் வாட்சனுக்குப் போரில் குண்டு பாய்ந்தது 1887ல் வந்த முதல் நாவலில் தோளில், 1890ல் வந்த இரண்டாவதில் காலில். வாட்சனின் பெயர் ஜான், ஆனால் ஒரு கதையில் மனைவி அவரை ஜேம்ஸ் என்று கூப்பிடுகிறார். கோனன் டாயல் அவசரத்தில் எழுதியதுதான் காரணமாக இருக்கும். ரசிகர்கள் விடுவார்களா? வாட்சனின் நடுப்பெயர் எச் என்ற எழுத்தில் தொடங்குகிறது, அது ஹேமிஷ் ஆக இருக்கலாம், அது ஜேம்ஸ் என்பதன் ஸ்காட்டிஷ் வடிவம், மனைவி அதைத்தான் செல்லமாகச் சொல்கிறார் என்று விளக்கம் சொன்னார் டாரதி சேயர்ஸ். அவரே பெரிய துப்பறியும் நாவலாசிரியர். விளக்கம் கதையைவிட நன்றாக இருக்கிறது.

அதனால் தேட ஆரம்பிக்கும் புதியவருக்கு ஒரு எச்சரிக்கை. பெயர் ஒன்றாக இருந்தால் ஆளும் ஊரும் ஒன்றாகிவிடாது. மிஸ் மார்ப்பிளின் ஊர் செயின்ட் மேரி மீட். 1928ல் வந்த புவாரோ நாவலான 'த மிஸ்டரி ஆஃப் த புளூ டிரெயின்' கதையிலும் ஒரு பெண் செயின்ட் மேரி மீட்டிலிருந்து புறப்பட்டு வருகிறாள். புவாரோவும் மார்ப்பிளும் சேரும் இடம் இதுதான் என்று குதிக்கத் தோன்றும். ஆனால் அந்தப் பெண்ணின் ஊர் நிஜமான கென்ட் மாவட்டத்தில் இருக்கிறது, மார்ப்பிளின் ஊர் கற்பனை மாவட்டத்தில். பிடித்துப்போன ஒரு பெயரை ஆசிரியர் இரண்டு இடத்தில் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். மிஸஸ் டேன் கால்த்ராப் விஷயம் அப்படியல்ல. பெயர், புருஷனின் தொழில், பேச்சின் தொனி எல்லாமே பொருந்துகின்றன. இரண்டு மூன்று விவரம் ஒன்றாக ஒத்துப்போகும் வரை நான் எதையும் தொடர்பு என்று எண்ணுவதில்லை.

எங்கே தேடுவது என்றால், நாயகனைச் சுற்றி அல்ல, ஓரங்களில். பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டர், சாட்சிக் கூண்டில் ஒரு நிமிஷம் ஏறி இறங்குபவர், வக்கீலின் குமாஸ்தா, செக்ரட்டரி. புவாரோவின் கண்டிப்பான செக்ரட்டரி மிஸ் லெமன்கூட முன்பு பார்க்கர் பைனிடம் வேலை பார்த்தவர்தான். நான் புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் பெயர்களைப் பென்சிலால் குறித்து வைக்கிறேன். இரவல் வாங்கிய புத்தகம் என்றால் துண்டுச் சீட்டு.

எந்த வரிசையில் படிப்பது என்ற கேள்விக்கு, வெளிவந்த வரிசையில் என்பதே பாதுகாப்பான பதில். டானா ஃப்ரெஞ்ச் நாவல்களைத் தனித்தனியாகவும் படிக்கலாம், ஆனால் வரிசையாகப் படித்தால்தான் அந்தக் கென்னடி வைத்தியம் வேலை செய்யும். கிறிஸ்டியிடம் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். 'கார்ட்ஸ் ஆன் த டேபிள்' நாவலில் புவாரோ, தன்னைப் பார்க்க வந்த இரண்டு இளம் பெண்களிடம் ஒரு கத்தியைக் காட்டுகிறார். ரயில் கம்பெனி நினைவுப் பரிசாகக் கொடுத்தது என்கிறார். கூடவே அந்தக் கத்தியைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம். 'மர்டர் ஆன் த ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' படித்தவர் புன்னகைப்பார். படிக்காதவருக்கு அந்த நாவலின் முழு ரகசியமும் அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது. அடுத்த வருஷமே வந்த 'டம் விட்னெஸ்' இன்னும் மோசம். பேச்சுவாக்கில் நாலு பழைய நாவல்களின் கொலைகாரர்களைப் பெயர் சொல்லி அடுக்கிவிடுகிறார் புவாரோ. அவருக்கு அது பழைய வேலை நினைவு. நமக்கு நாலு புத்தகம் வீண்.

எனவே முதலில் 'ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்', அப்புறம் 'கார்ட்ஸ் ஆன் த டேபிள்', அதற்குப் பிறகு 'த மூவிங் ஃபிங்கர்', கடைசியில் 'த பேல் ஹார்ஸ்'. நாலு புத்தகம் போதும். நாலாவதில் பாதிரியாரின் மனைவி வாயைத் திறக்கும்போது அவரை உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். 'டம் விட்னெஸ்' அலமாரியின் கோடியில் காத்துக்கிடக்கட்டும்.